தலைக்கணக்கு

சிலாங்கூர் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், கோல சிலாங்கூரின் மலாவத்திக் குன்றின்மேல், 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் வசமான கோட்டையைப் பற்றியும் அதன் பீரங்கிகளைப் பற்றியும் எழுதியோர் அநேகர். ஆனால் அக்குன்றின் பின்புறத்தே ஜெரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று உள்நாட்டை நோக்கி விரிந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம், நாள்தோறும் பொழுது புலருமுன் நடந்துவந்த ஒரு காரியத்தைச் சரித்திரம் எழுதுவோர் அதிகம் கருதியதில்லை. ஆட்களை எண்ணும் காரியந்தான் அது. இன்று எத்தனை பேர் என்று கேட்டு, வந்த விடையை ஏட்டில் ஏற்றி, அந்த ஓர் எண்ணின்மேல் ஒரு குடும்பத்தின் அரிசியையும் ஒரு கங்காணியின் வருமானத்தையும் ஒரு கம்பெனியின் செலவையும் நிறுத்திவைத்த அந்த ஏற்பாடு, கணினி யுகத்தில் நிரல் எழுதும் நம் பிள்ளைகள் தினந்தோறும் எதிர்ப்படும் ஒரு பிரச்சினைக்குப் பூர்வ சரித்திரமாக அமைந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆகையால் இரண்டையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் ரப்பர் விலை ஏறியபொழுது, ஐரோப்பாவின் மூலதனம் இப்பகுதிக் காடுகளின்மேல் வந்து இறங்கிற்று. வந்தவர்களில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930ஆம் ஆண்டின் கோன்கூர் பரிசைப் பெற்ற அவர், 1917ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை மலாயாவில் வியாபார ரீதியில் முதன்முதலாகப் பயிரிட்டார். இன்று மலேசியா எங்கும் பச்சைக் கடலாகப் பரந்து கிடக்கும் செம்பனைக்கு அந்தத் தோட்டமே ஆதி. தென்னமரம், சுங்கை திங்கி, நைகல் கார்டனர், மேரி, கோல்ஃபீல்ட்ஸ், புக்கிட் செராக்கா என்று இன்றும் முதியவர்கள் நாவில் வழங்கும் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர்கள் கங்காணிகள். சொந்தக் கிராமத்துக்குத் திரும்பிச் சென்று, உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி வந்த இக்கங்காணிகள், தாங்கள் கொண்டுவந்த கூட்டத்திற்குத் தோட்டத்திலும் தலைவர்களாக இருந்தார்கள்.

விடியற்காலத்தில் தொழிலாளர் கூடும் அணிவகுப்புக்குப் பெரட்டு என்று பெயர். லயத்து வீடுகளிலிருந்து பால் வாளியும் உளியுமாக வந்தவர்கள், ஆயாக்கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்த தாய்மார்கள், முதன்முறையாக வேலைக்கு வந்து யாருக்குப் பின்னால் நிற்பது என்று விளங்காமல் மயங்கிய சிறுவர்கள், எல்லோரும் அரிக்கன் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் வரிசையாக நிற்க, தோட்டத்து எழுத்தரான கிராணியார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்குக் குரல் வந்தால் ஏட்டில் குறி விழும். பெயர் கூப்பிட்டு முடிந்தபின் வந்து சேர்ந்தவர்களுக்குப் பேர் போடுவதும் போடாமல் திருப்பி அனுப்புவதும் கிராணியாரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. தினக்கூலியால் ஜீவனம் செய்த மக்களுக்குப் பேர் விழுந்த நாள் சோறு கண்ட நாள். பேர் விழாத நாள், உடம்பால் தோட்டத்தில் இருந்தும் கணக்கில் இல்லாத நாள்.

அந்த ஏட்டின் பெயர் செக்ரோல். அதன் அமைப்பைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். அகன்ற பக்கத்தின் இடது ஓரத்தில் தொழிலாளியின் எண்ணும் பெயரும் இருக்கும். அதையடுத்து மாதத்தின் நாட்களுக்கு 31 சிறு கட்டங்கள். முழு நாளுக்கு ஒரு குறி, அரை நாளுக்கு வேறொரு குறி. வலது ஓரத்தில் மொத்த நாட்கள், நாட்கூலி, முன்பணம், அரிசிக் கழிவு, கடைசியாகக் கைக்கு வரவேண்டிய தொகை. பெயர்கள் அகரவரிசையில் இரா, கங்காணிவாரியாக இருக்கும். ஒரு கங்காணியின் கூட்டம் முடிந்ததும் கோடு கிழித்து அடுத்த கங்காணியின் கூட்டம் தொடங்கும். இறந்தவர் பெயரும், வேறு தோட்டத்துக்குப் போனவர் பெயரும், ஓடிப்போனவர் பெயரும் மாத நடுவில் அடிக்கப்படுமே தவிர, அந்த வரி பக்கத்தை விட்டு நீங்கிவிடாது.

இத்தகைய புத்தகத்தின் நீளம் என்ன என்று ஒருவர் கேட்டால் என்ன விடை சொல்வது? வரிகளின் தொகையா, அடிபடாத பெயர்களின் தொகையா, இன்று பெரட்டுக்கு வந்தவர்களின் தொகையா, மாதத்தில் விழுந்த குறிகளின் தொகையா? நான்கும் வெவ்வேறு எண்கள். இந்த நான்கையும் மயங்கவிட்டதனால் விளைந்த அநீதிகள் சிறியவையல்ல.

கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒரு வருமானம் உண்டு. தன் கூட்டத்தில் அன்றைக்கு வேலைக்குச் சென்ற ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு காசு என்று தோட்டம் அவருக்குக் கொடுத்தது. எனவே எண்ணிக்கை ஏறினால் அவருக்கு லாபம். காய்ச்சலோடு கிடப்பவனையும் எழுப்பிக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்துவதற்கு அந்த லாபம் அவரைத் தூண்டிற்று. மறுபுறம், 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதிக்கு, ஒவ்வொரு முதலாளியும் தம் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் செய்த வேலை நாட்களைக் கணக்கிட்டு வரி செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே அதே எண்ணிக்கை இறங்கினால் முதலாளிக்கு லாபம். இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவே, தான் உண்மையில் உழைத்த நாள் எத்தனை என்பதைத் தவிர வேறு எதையும் கேளாத தொழிலாளிக்கோ, பெரும்பாலும் எழுத்தறிவில்லை. செக்ரோலைப் புரட்டிப் பார்க்கும் உரிமையுமில்லை. எண்ணப்படுகிறவன் ஒருவன், எண்ணுகிறவன் மற்றொருவன், எண்ணினால் ஆதாயம் அடைகிறவன் இன்னொருவன் என்று பிரிந்து நின்ற ஏற்பாட்டில், எண்ணும் ஆளும் ஒன்றையொன்று விட்டு விலகுவது இயற்கையே. கங்காணி மூலமாக உதவி பெற்று வரும் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்தியது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்டு சிலாங்கூரை உலுக்கிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு, தோட்டத் துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்பதும் கோரிக்கையாக எழுந்தது. செக்ரோல் யார் கையில் இருந்ததோ, அவர் முன்னால்தானே இறங்கி நிற்கவேண்டியிருந்தது!

அடுத்து வந்தது ஜப்பானியர் காலம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942க்கும் 1943க்கும் இடையில் அமைப்பதற்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சிலாங்கூர்த் தோட்டங்களும் அதற்கு விலக்கல்ல. அதே பாதையில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டவர்கள். ஏறக்குறைய 12,000 பேர் மாண்டார்கள். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாகத் துயில்கிறார்கள். அவர்களுடைய தொகையை இவ்வளவு திட்டமாகக் கூற முடிவது, அவர்களுடைய படைகளில் பெயர்ப்பட்டியல் இருந்ததாலும், முகாமுக்குள்ளும் உயிரைப் பணயம் வைத்து அவர்களுடைய அதிகாரிகள் அதைக் காத்ததாலும் ஆகும். நம் மக்களுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. எத்தனை தமிழர் போனார்கள், எத்தனை பேர் மீளவில்லை என்பதற்கு இன்றுவரை வழங்குவன மதிப்பீடுகளே. ஒரு மதிப்பீட்டுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் பல்லாயிரம் பேர் வேறுபாடு இருக்கிறது. இதைவிடப் பெரிய எண்ணிக்கைப் பிழை நம் சமூகத்தின் சரித்திரத்தில் வேறொன்று உண்டென்று நான் நினைக்கவில்லை.

இனிக் கணினிக்கு வருவோம். பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்குகிறது. தோட்டங்கள் சூழ்ந்திருந்த அவ்வூரில் இன்று சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. இத்தகைய கல்விக்கூடங்களில் நம் பிள்ளைகள் பயிலும் கணினி மொழிகளில் பிரதானமானது பைத்தான். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கணித ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பணியாற்றிய குய்டோ வான் ரோசும் என்பவர் 1989ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கி, 1991ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகுக்கு வழங்கிய மொழி அது. அதற்கு முன்பு பெருவழக்காயிருந்த சி என்னும் மொழியில் ஓர் அணிவரிசைக்குத் தன் நீளம் தெரியாது. பொருள்கள் ஓரிடத்திலும் அவற்றின் எண்ணிக்கை வேறிடத்திலுமாக இருக்கும். இரண்டையும் ஒத்துப்போகச் செய்வது நிரல் எழுதுகிறவனின் பொறுப்பு. அவன் அயர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் உலகம் கண்டது. வரும் எழுத்துகளின் நீளத்தைச் சோதியாமல் ஏற்றுக்கொண்ட ஒரு சிறு நிரலின் வழியே, மோரிஸ் புழு என்று பிற்பாடு பெயர் பெற்ற ஒரு நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குள் நுழைந்து அவற்றை ஸ்தம்பிக்கச் செய்தது. கங்காணியின் தலைக்கணக்கும் இந்த ஏற்பாடும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை: பொருள் ஒருவரிடம், எண் மற்றொருவரிடம்.

பைத்தானில் அந்த முறை இல்லை. நீளத்தை அறிய ‘லென்’ என்று கேட்டால் மொழி தானாக எண்ணத் தொடங்குவதில்லை. பொருள்களை வைத்திருக்கும் கொள்கலனையே அது கேட்கிறது. பட்டியல், அகராதி முதலிய பிறவிக் கொள்கலன்கள் தம் எண்ணிக்கையைத் தம்முள்ளே வைத்திருந்து உடனே சொல்லிவிடும். நாமே ஒரு வகுப்பு எழுதிப் புதிதாக ஒரு கொள்கலனை உண்டாக்கினாலோ, இருபுறமும் இரட்டை அடிக்கோடிட்ட ‘__லென்__’ என்னும் முறையை அவ்வகுப்பினுள் எழுதி, விடை சொல்லும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க வேண்டும். எழுதாவிட்டால், இப்பொருளுக்கு நீளம் கிடையாது என்று மொழி வகைப்பிழை காட்டி நின்றுவிடும். வகுப்பு எழுதப் புதிதாகப் பழகும் ஒருவர் எதிர்ப்படக்கூடிய பிழை இது. அதைக் கண்டு, வகுப்பின் உள்ளே கைவிட்டு அங்கிருக்கும் பட்டியலை வெளியிலிருந்து எண்ணிக்கொள்வோரும் உளர். அது முறையன்று. பத்து இடங்களில் பத்துப் பேர் உள்ளே கைவிட்டு எண்ணத் தொடங்கினால், அந்தப் பத்தும் ஒரு நாள் பத்து விதமாக ஆகிவிடும்.

பழைய செக்ரோல் ஒன்றைக் கணினியில் ஏற்றுவதற்காக ஒரு வகுப்பை எழுதப் புகுவதாக வைத்துக்கொள்வோம். ஆள் சேரும்போது ஒன்று கூட்டி, ஆள் நீங்கும்போது ஒன்று கழித்து, தனியே ஓர் எண்ணை நடத்திக்கொண்டு வருவது முதலில் தோன்றும் உபாயம். சேர்க்கும் வழி ஒன்றாயிருக்கும்வரை அது சரியாகவே இருக்கும். பிறகு ஒரு கங்காணியின் கூட்டம் முழுவதையும் ஒரே தடவையில் சேர்க்கும் வழி ஒன்று வரும், அதில் எண்ணைக் கூட்ட மறந்துபோகும். பிறவிப் பட்டியலையே தாயாகக் கொண்டு வகுப்பை எழுதுவது, பைத்தானின் 2.2ஆம் பதிப்பு 2001ஆம் ஆண்டு இறுதியில் வந்ததிலிருந்து சாத்தியமாயிற்று. அதிலும் இதே அபாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சேர்க்கும் முறையை நாம் மாற்றி எழுதினாலும், மொத்தமாகச் சேர்க்கும் முறை நம்முடையதைக் கேளாமல் தன் வழியே போய்விடும். இதற்குப் பரிகாரம் 2008ஆம் ஆண்டில் 2.6, 3.0 ஆகிய பதிப்புகளோடு வந்த சூட்சும வகுப்புகள். மாறக்கூடிய தொடர் என்னும் அத்தகைய வகுப்பைத் தாயாகக் கொண்டால், நீளம், எடுத்தல், வைத்தல், நீக்கல், இடையில் செருகல் என்னும் ஐந்து முறைகளை நாம் எழுத, சேர்த்தலும் நீட்டலும் திருப்பலும் அவற்றின்மேலேயே எழும். இன்னும் எளிதான விதி ஒன்று உண்டு: தனி எண்ணே வேண்டாம், கேட்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் பட்டியலின் நீளத்தையே திருப்பிச் சொல்லட்டும்.

செக்ரோலுக்கே உரிய சிக்கல் ஒன்று இனி வருகிறது. அரை நாள் என்று ஒரு குறி உண்டென்று மேலே சொன்னேன். மாதத்தில் ஒருவர் உழைத்த நாட்களைக் கூட்டினால் 22½ என்று வரலாம். அந்தத் தொகையை நீளம் என்று திருப்பிச் சொல்லும்படி ஒருவர் வகுப்பை எழுதிவிட்டால், பைத்தான் ஏற்காது. நீளம் என்பது முழு எண்ணாக இருக்கவேண்டும், பூஜ்யத்துக்குக் குறையவும் கூடாது என்பது அதன் கண்டிப்பு. இந்தக் கண்டிப்பை இடைஞ்சலாகக் கருதி, பின்னத்தை வெட்டி 22 என்று ஆக்கி அடைத்துவிடுவோர் உண்டு. வேண்டாம். பிழை நமக்கு நினைவூட்டுவது, நீளத்தையும் உழைப்பையும் நாம் ஒன்றாக்கிவிட்டோம் என்பதையே. ஆட்களின் தொகை நீளம். நாட்களின் தொகை வேறொரு முறை. அடிபட்ட பெயர்களையும் சேர்த்த வரிகளின் தொகை மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து எழுதுவதுதான் பரிகாரம். தோட்டத்துக் கணக்கில் அரை நாளை வெட்டியவர்களுக்கு அப்படிக் கண்டிக்கும் மொழி எதுவும் வாய்க்கவில்லை.

வேறொரு பிழையைக் குறித்து விசேஷமாகச் சொல்லவேண்டும். அது கண்ணுக்குத் தெரியாதது. உண்மையா பொய்யா என்று ஒரு கொள்கலனைப் பற்றிக் கேட்டால், அதற்கென்று தனி விடை எழுதப்படாத இடத்தில் பைத்தான் அதன் நீளத்தைக் கேட்டு, பூஜ்யமாயிருந்தால் பொய் என்று தீர்மானிக்கிறது. நீளத்தை எழுதிய கணத்திலேயே இந்தக் குணமும் வகுப்புக்கு வந்துவிடுகிறது. இப்பொழுது நாளுக்கொரு பக்கமாக அமைந்த ஒரு பெரட்டு ஏட்டை வைத்துக்கொண்டு, அதில் மழைநாள் ஒன்றைக் கருதுங்கள். விடியலில் கொட்டிய மழையால் பால்மரம் வெட்ட முடியாது, பெரட்டு கலைந்தது, ஒருவருக்கும் பேர் விழவில்லை. அந்த நாளின் பக்கம் இருக்கிறது. அதன் நீளம் பூஜ்யம். வேறொரு நாளின் பக்கம் கறையான் தின்று போயிற்று. அது இல்லவே இல்லை. பக்கம் இல்லையென்றால் புதியது ஒன்று போடு என்ற கருத்தில், ‘இது பொய்யானால்’ என்று சுருக்கமாக ஒருவர் எழுதிவிட்டால், மழைநாளும் கறையான் தின்ற நாளும் நிரலுக்கு ஒன்றாகிவிடுகின்றன; யாரும் வராத நாளும் நமக்குத் தெரியாத நாளும் ஒரே பூஜ்யத்துக்குள் போய் மறைகின்றன. இன்மையைக் குறிக்கப் பைத்தானில் ‘நன்’ என்னும் தனிப்பொருள் உண்டு. அதுதானா என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டால் இப்பிழை அப்பொழுதே தீர்ந்துவிடும். கேட்க மறப்பவர் எத்தனை பேர் என்பதைப் பிறர் எழுதிய நிரல்களைப் படித்துத் திருத்தும் எவரும் அறிவர்.

1942 முதல் 1945 வரை பல தோட்டங்களின் ஏடுகள் இல்லாமற்போயின. அவற்றைக் கணினியில் ஏற்றுகிற ஒருவர், அந்த ஆண்டுகளுக்கு நேரே பூஜ்யம் இட்டுவிட்டால், சயாமுக்குப் போனவர்கள் தாமாகவே வேலையை விட்டு நின்றுவிட்டவர்கள் என்று பொருளாகும். அது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம்.

நீளம் தவறாயிருந்தும் நெடுநாள் வெளிப்படாமல் இருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகும் சுற்று, நீளத்தைக் கேட்பதே இல்லை. தீரும்வரை எடுத்துக்கொண்டே போகும். பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் படிக்கும்போதும், குருட்டுச்சீட்டாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதும் நீளம் கேட்கப்படுகிறது. ஆகவே வகுப்பைச் சோதிக்கிறவர்கள் இரு திசையிலும் படித்துப் பார்ப்பது நலம். செம்பனைத் தோட்டத்தில், குலையின் வெட்டுவாயில் வெட்டியவரின் எண்ணை எழுதிவைத்து, அவற்றைச் சாலையோரத்தில் சேர்த்தபின் வேறொருவர் வந்து எண்ணிப் பார்க்கும் வழக்கத்தில், இந்தச் சோதனையின் சாரம் இருக்கிறது: எண், பொருளின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கோல சிலாங்கூரிலும் வட சிலாங்கூரிலும் தோட்டங்கள் கைமாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் வருகின்றன. ஆபீசுகள் மூடப்படும்போது பழைய ஏடுகள் முதலில் குப்பைக்குப் போகின்றன. ஓய்வு பெற்ற கிராணிமார்களின் வீடுகளிலும், கங்காணிகளின் வழிவந்தோர் பரணிலும், கோயில் கமிட்டிகளின் அலமாரிகளிலும் செக்ரோல் பக்கங்களோ கூலிச் சீட்டுகளோ இருக்குமானால், அவற்றை எரிக்காமல் மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்குமாறு வேண்டுகிறேன். அவற்றைக் கணினியில் ஏற்றும் பணியை மேற்கொள்ளும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடிபட்ட பெயரை நீக்காதீர்கள். அரை நாளை வெட்டாதீர்கள். பக்கம் இல்லாத இடத்தில் இல்லை என்றே எழுதுங்கள், பூஜ்யம் என்று எழுதாதீர்கள்.